குச்சிக்கிழங்குத் தேமல்: இலையிலிருந்து பி.சி.ஆர். வரை

நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர் பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காட்டில் இலை திட்டுத்திட்டாக மஞ்சளாகிக் கோணிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் தேமல் என்ற வைரஸ் நோய்தான். ஆனால் துத்தநாகக் குறையும் சிலந்திப்பேன் சேதமும் பார்வைக்கு ஏமாற்றும். நடவுக்குக் குச்சி வெட்டப்போகும் செடியைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். வெள்ளை ஈ பரப்புவது ஒருபக்கம் இருக்க, குச்சி வழியாகவும் நோய் அடுத்த போகத்துக்கு வந்துவிடும்.

இந்த வைரஸின் துகள் இரண்டு உருண்டை ஒட்டினாற்போல் இருக்கும். நீளம் ஏறத்தாழ 30 நானோமீட்டர். இலைச்சாற்றில் அதன் அளவு குறைவு என்பதால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எளிதில் அகப்படாது. எனவே வைரஸின் டி.என்.ஏ.வை, அதைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். முறையில் தேடுகிறோம்.

மாதிரி. நுனியில் விரிந்த இளம் இலையை எடுங்கள். முற்றிய இலையில் பினாலும் மாவுப்பொருளும் அதிகம், பின்னால் பி.சி.ஆரையே முடக்கிவிடும். செடிக்கொரு கவர், ஐஸ் பெட்டி.

டி.என்.ஏ. பிரித்தல். 100 மில்லிகிராம் இலையைத் திரவ நைட்ரஜனில் மாவாக அரையுங்கள். 65 டிகிரிக்குச் சூடாக்கிய சி.டி.ஏ.பி. (செல்லை உடைக்கும் சோப்பு போன்ற பொருள்) கரைசல் 700 மைக்ரோலிட்டர் சேருங்கள் (2% சி.டி.ஏ.பி., 1.4 மோலார் உப்பு, 20 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ., 100 மில்லிமோலார் டிரிஸ் பி.எச். 8, 2% பி.வி.பி.). பீட்டா-மெர்காப்டோஎத்தனாலை 0.2% அளவுக்கு, பயன்படுத்தும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சாறு பழுப்பாகிவிடும். 65 டிகிரியில் 30 நிமிடம், இடையிடையே கவிழ்த்துக் கலக்குங்கள்.

ஆறியதும் சம அளவு குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் ஆல்கஹால் (24:1) சேர்த்து, 12,000 ஜி வேகத்தில் 10 நிமிடம் சுழற்றுங்கள். இதைப் புகைபோக்கி அறைக்குள்தான் செய்ய வேண்டும். மேல் அடுக்கை மட்டும் உறிஞ்சுங்கள். நடுவிலுள்ள வெண்படலத்தைத் தொட்டால் புரதமும் கூட வரும். கொஞ்சம் திரவம் மிஞ்சினாலும் பரவாயில்லை, விட்டுவிடுங்கள். 0.7 பங்கு குளிர்ந்த ஐசோபுரோப்பனால், –20 டிகிரியில் அரை மணி, மறுபடி சுழற்சி, 70% எத்தனாலில் கழுவல். காய்ந்ததும் 50 மைக்ரோலிட்டர் நீரில் கரையுங்கள். வீழ்படிவு கூழாக வழவழத்தால் மாவுப்பொருள் ஒட்டியிருக்கிறது; டி.என்.ஏ.வின் தூய்மையைக் காட்டும் 260/230 ஒளி உறிஞ்சல் விகிதமும் குறைவாகவே வரும்.

பி.சி.ஆர். 25 மைக்ரோலிட்டர் கலவை: மாஸ்டர் மிக்ஸ் (நொதி முதலியவை சேர்ந்த ஆயத்தக் கலவை) 12.5, பெகோமோவைரஸ் (தேமல் வைரஸ்கள் சேர்ந்த பேரினம்) பிரைமர், அதாவது பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டி.என்.ஏ. துண்டு (10 மைக்ரோமோலார்), இரண்டும் தலா 1, டி.என்.ஏ. 1, மீதி நீர். 94 டிகிரி 5 நிமிடம். பிறகு 94-இல் 30 நொடி, 55-இல் 45 நொடி, 72-இல் 1 நிமிடம் என 35 சுற்று. இறுதியில் 72-இல் 10 நிமிடம். 55 என்பது தொடக்க அளவு. உங்கள் பிரைமருக்கேற்ப மாற்றுங்கள். 1.2% அகரோஸ் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள்; பெருகிய டி.என்.ஏ. அதில் பட்டையாகத் தெரியும்.

கட்டுப்பாட்டுக் குழாய்களை (முடிவை ஒப்பிட வைக்கும் குழாய்கள்) எக்காரணத்தாலும் தவிர்க்கக் கூடாது. நோயுள்ள செடி, திசு வளர்ப்பில் வந்த நோயற்ற செடி, வெறும் நீர், இவற்றோடு ஒவ்வொரு மாதிரிக்கும் செடியின் சொந்த மரபணு (ஆக்டின் போன்றது) ஒன்றுக்கான தனிச் சோதனை. நீர்க் குழாயில் பட்டை தெரிந்தால் அன்றைய முடிவுகள் முழுவதும் குப்பைக்குத்தான். ஆக்டினும் வராமல் வைரஸும் வராவிட்டால் அது 'நோயில்லை' ஆகாது, பி.சி.ஆரை முடக்கும் பொருள் கலந்திருக்கலாம்; டி.என்.ஏ.வைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுங்கள்.

பட்டை வந்தால் பெகோமோவைரஸ் இருக்கிறது, அவ்வளவே. இந்திய மரவள்ளித் தேமல் வைரஸா, இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸா என்று பெயர் சொல்ல, வைரஸின் இரண்டு டி.என்.ஏ. துண்டுகளில் ஒன்றான டி.என்.ஏ.-ஏ முழுவதையும், ஏறத்தாழ 2,700 காரங்களையும், வரிசைப்படுத்த வேண்டும். தெரிந்த இனத்தோடு 91% அல்லது அதற்கு மேல் ஒத்தால் அந்த இனம்.