பழைய கார் புகைச் சோதனையில் ஏன் தோற்கிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோதனைக்குக் கெடு முடிகிற வாரத்தில்தான் பலருக்கும் காரின் புகை ஞாபகத்துக்கு வருகிறது. உடனே அவசரமாக ஒரு ஆயில் மாற்றம், டேங்கில் ஏதோ ஒரு திரவம், பேட்டரியைக் கழற்றி மாட்டுவது என்று இறங்கிவிடுகிறார்கள். தேறவேண்டிய வண்டிகூட இந்த அவசரத்தால் தோற்பதுண்டு.

முதலில் எளிமையான விஷயம். இன்ஜின் சூடாகாமல் சோதனைக்குப் போகாதீர்கள். சைலன்சருக்கு முன்னால், உள்ளே தேன்கூடு மாதிரி இருந்து, புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் வேலையைத் தொடங்கும். அதுவரை அது புகை கடந்து போகிற ஒரு வெற்று டப்பா. புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரும் அப்படித்தான். அது சூடாகிச் சரியான தகவல் கொடுக்கும்வரை, காரின் கம்ப்யூட்டர் குத்துமதிப்பாகக் கொஞ்சம் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். எனவே இருபது நிமிடமாவது நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டு உள்ளே நுழையுங்கள். வரிசையில் அரைமணி நேரம் ஐட்லிங்கில் நின்றால் கன்வெர்ட்டர் மறுபடி ஆறிவிடும். உங்கள் முறை வருவதற்குச் சற்று முன்பு இன்ஜினை நிமிடத்துக்கு 2,500 சுற்று அளவில் இரண்டு மூன்று நிமிடம் வைத்திருங்கள், போதும். எவ்வளவு ஓட்டினாலும் வெப்பமானி முள் நடுவுக்கு வரவில்லையா? இன்ஜினின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்த நிலையில் சிக்கியிருக்கலாம். அதை மாற்றாமல் வேறு எதைச் செய்தும் பெரிய பலன் இருக்காது.

அடுத்தது, நிறையப் பேர் சாமர்த்தியம் என்று நினைத்துச் செய்யும் காரியம். செக் இன்ஜின் விளக்கு எரிகிறது; பேட்டரி முனையைக் கழற்றி மாட்டினால் அணைந்துவிடுகிறது; அப்படியே சோதனைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். ஓபிடி-2 வசதி (காரின் கம்ப்யூட்டர் தன் பழுதுகளைத் தானே கண்டுபிடித்துக் குறித்து வைப்பது) உள்ள கார்களில், சோதிப்பவர் அந்தக் கம்ப்யூட்டரையும் பார்த்தால், இந்தக் கணக்கு பலிக்காது. (அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-லிருந்தும் இது கட்டாயம்.) இந்தக் கார்களின் கம்ப்யூட்டர் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், டேங்கின் பெட்ரோல் ஆவி வெளியேறாமல் பிடிக்கும் அமைப்பு என்று ஒவ்வொன்றையும் தானே சோதித்து ‘முடிந்தது’ என்று குறித்து வைக்கும். பேட்டரியைக் கழற்றினாலோ, பதிவான பழுதுக் குறியீட்டை (‘கோடு’) கருவியால் அழித்தாலோ, விளக்கோடு சேர்ந்து அந்தக் குறிப்புகளும் அழிந்துபோகும். சோதிப்பவர் கருவியை மாட்டியதும் ‘இன்னும் தயாராகவில்லை’ என்று காட்டிவிடும். நல்ல எண்ணத்தோடு சோதனைக்கு முதல் நாள் புது பேட்டரி மாற்றியவருக்கும் இதே கதிதான்.

குறிப்புகள் மறுபடி நிரம்பச் சில நாட்கள் ஓட்ட வேண்டும். இரவு முழுக்க ஆறிய இன்ஜினைக் கிளப்பி, கொஞ்ச நேரம் ஐட்லிங்கில் விட்டு, நகருக்குள் நின்று நின்று ஓட்டி, அப்புறம் நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில் போக வேண்டும். எந்தச் சோதனை எப்போது நடக்கும் என்பது காருக்குக் கார் வேறு. பெட்ரோல் ஆவி அமைப்பின் சோதனை, டேங்க் முழுதாக நிரம்பியிருந்தாலும் காலியாக இருந்தாலும் பெரும்பாலும் நடக்காது. கால் டேங்குக்கும் முக்கால் டேங்குக்கும் நடுவே வைத்துக்கொள்ளுங்கள். கையடக்கமான ஓபிடி ரீடர் ஒன்று இருந்தால் எது தயார், எது இல்லை என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். பழைய கார் வைத்திருப்பவர் வாங்க வேண்டிய முதல் கருவி அதுதான் என்பேன், ஜாக்கியையும் ஸ்பேனரையும் தவிர.

சரி, வண்டி தோற்றுவிட்டது. கையில் ஒரு சீட்டு கொடுத்திருக்கிறார்கள். அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, ‘ஃபெயில் ஆயிடுச்சு, ஏதாவது பண்ணுங்க’ என்று மெக்கானிக்கிடம் வண்டியை விடுவதுதான் எல்லாவற்றிலும் செலவு வைக்கும் தவறு. மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டாமல் மருந்து கேட்பது போலத்தான் இது. நோய் எங்கே என்பதை அந்த எண்களே ஓரளவு சொல்லிவிடும்.

கார்பன் மோனாக்சைடு அதிகமென்றால், காற்றுக்குத் தகுந்ததைவிட எரிபொருள் அதிகமாகப் போகிறது. பழுதான ஆக்சிஜன் சென்சார், கசியும் இன்ஜெக்டர், இன்ஜெக்டருக்குப் பதிலாகக் கார்பரேட்டர் உள்ள பழைய வண்டியில் அடைத்த ஏர் ஃபில்டர் அல்லது சரியாகத் திறக்காத சோக், இவற்றில் தேடுங்கள். ஹைட்ரோகார்பன் அதிகமென்றால் எரிபொருள் எரியாமலே வெளியே வருகிறது: தேய்ந்த ஸ்பார்க் பிளக், விரிசல் விட்ட பிளக் வயர், காற்றழுத்தம் குறைந்த சிலிண்டர். நைட்ரஜன் ஆக்சைடை ஐட்லிங் சோதனையில் பெரும்பாலும் பார்ப்பதில்லை. உருளைமேல் சக்கரத்தை ஓடவிட்டுச் செய்யும் சோதனையில்தான் அது வரும். அது ஏறினால் இன்ஜினுக்குள் சூடு மிஞ்சுகிறது என்று பொருள். புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பிச் சூட்டைக் குறைக்கும் ஈஜிஆர் வால்வு அடைத்துப்போனதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சீட்டில் ஆக்சிஜன் அளவு வழக்கத்துக்கு மாறாக அதிகமாக இருந்தால், புகைக்குழாயில் எங்கோ ஓட்டை இருக்கலாம். சின்ன ஓட்டைதானே என்று விட்டுவிடுவார்கள். சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அதைப் பார்த்து ‘எரிபொருள் போதவில்லை’ என்று சொல்லும், கம்ப்யூட்டரும் நம்பி இன்னும் ஊற்றும். இந்தக் கோளாறில் சென்சாரை மாற்றிப் பணத்தை விட்டவர்கள் உண்டு.

கன்வெர்ட்டர் விஷயமும் கிட்டத்தட்ட இதே கதைதான். பி0420 என்ற கோடு வந்தால், ‘கன்வெர்ட்டர் போச்சு’ என்று உடனே புதுசு மாட்டிவிடுகிறார்கள். அந்தக் கோடு சொல்வது, கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததாகத் தெரிகிறது என்பதை மட்டும்தான். மேலே சொன்ன ஓட்டையாலும், கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சென்சார் பழுதாவதாலும்கூட அது வரும். கன்வெர்ட்டரே நிஜமாகப் போயிருந்தாலும், அது எதனால் போனது என்று கேளுங்கள். சரியாகத் தீப்பிடிக்காமல் மிஸ் அடிக்கும் சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோல் போய்க் கன்வெர்ட்டருக்குள் எரிந்தால், அந்தச் சூட்டில் தேன்கூடே உருகிவிடும். பிளக்கையும் அதற்கு மின்சாரம் தரும் காயிலையும் சரிசெய்யாமல் புது கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

கார்பரேட்டர் வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டுக்கொண்டே, எரிபொருள்-காற்றுக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். எரிபொருளைக் குறைத்தால் புகை குறையும் என்று நினைத்து இறுக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் கலவை நீர்த்து, சரியாகத் தீப்பிடிக்காமல் ஹைட்ரோகார்பன் எகிறும். புகை அளக்கும் கருவியை மாட்டிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது.

டேங்கில் ஊற்றும் திரவங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இன்ஜெக்டரில் லேசான அழுக்கு இருந்தால் கொஞ்சம் உதவும். விரிசல் விட்ட வயரை ஒட்டவைக்காது. ஆனால் ஆயிலைச் சோதனைக்கு முன் மாற்றுவது வீண் இல்லை. பழைய ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கும். அதன் ஆவி மறுபடி இன்ஜினுக்குள்ளேயே இழுக்கப்பட்டுக் கணக்கைக் கெடுக்கும். அதற்காக அளவுக்கோட்டைத் தாண்டி ஊற்றிவிடாதீர்கள். பெட்ரோல் மூடியின் ரப்பர் வளையத்தையும் ஒரு முறை பாருங்கள், அது வெடித்திருந்தாலே செக் இன்ஜின் விளக்கு எரியலாம்.

டீசல் காரென்றால் பார்ப்பது புகையின் அடர்த்தியை. ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதித்து இன்ஜினை உச்ச சுற்றுக்குக் கொண்டுபோய் அளப்பார்கள், அதுவும் பல முறை. நகருக்குள் மட்டுமே ஓடிய வண்டியில் கரி சேர்ந்திருக்கும். முன்பே நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டினால் அதில் கொஞ்சம் வெளியேறிவிடும். ஆனால் அந்த உச்ச சுற்றில் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட் பழையதாகி அறுந்தால் வால்வு வளைந்து இன்ஜினே போகக்கூடும். பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால், முதலில் அதை மாற்றிவிட்டு அப்புறம் சோதனைக்குப் போங்கள்.