ஒளிந்து பிழைத்த யூதக் குழந்தையின் சாட்சியத்தை எப்படிக் கேட்பது?

கல்லூரிக் கட்டுரைக்கோ, வகுப்பில் பேசவோ, இல்லை சும்மா தெரிந்துகொள்ளவோ, நாஜிக் காலத்தில் குழந்தையாக இருந்த ஒருவரின் சாட்சியத்தைக் கேட்கப் போகிறீர்கள் என்றால் முதலில் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போலந்தில் நடந்தது வேறு, பிரான்சில் நடந்தது வேறு, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் தலை சுற்றும். நான் இங்கே நெதர்லாந்தை வைத்துச் சொல்கிறேன். அங்கே இருந்த சுமார் 1,40,000 யூதர்களில் 1,02,000 பேர் வரை கொல்லப்பட்டார்கள். மேற்கு ஐரோப்பாவில் இவ்வளவு மோசமான விகிதம் வேறெங்கும் இல்லை.

எங்கே கேட்பது? நாஜிகளின் யூதப் படுகொலையில் பிழைத்தவர்களின் சாட்சியங்களைச் சேகரிக்கும் ஷோவா ஃபவுண்டேஷன் 1994இல் தொடங்கி 50,000க்கும் மேற்பட்ட பேட்டிகளைப் படம்பிடித்து வைத்திருக்கிறது, அவற்றில் பல யூடியூபிலேயே முழுசாக இருக்கின்றன. வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் (யூத இனப்படுகொலை) அருங்காட்சியகத்தின் தளத்தில் எழுத்துப்படியோடு கிடைப்பவையும் உண்டு, காதுக்குப் பிடிபடாத ஊர்ப் பெயர்களுக்கு அது பெரிய உதவி. பத்து நிமிடத் துண்டு வீடியோக்களை விட்டுவிடுங்கள். முழுப் பேட்டி பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும், அதில் முதல் பகுதி போருக்கு முந்தைய வீடு, அப்பாவின் கடை, வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு என்று மெதுவாகப் போகும். அதைத் தள்ளிவிட்டு நேராக ‘சம்பவத்துக்கு’ப் போகிறவர்கள்தான் அதிகம். தள்ளாதீர்கள், யாரெல்லாம் அந்த வீட்டில் இருந்தார்கள் என்று அங்கேதான் தெரியும், கடைசியில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று கணக்குப் பார்க்க அது வேண்டும்.

கேட்கும்போது பக்கத்தில் ஒரு தாளில் இந்தத் தேதிகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனி படையெடுத்தது 1940 மே 10. யூதப் பிள்ளைகள் மற்ற பள்ளிகளிலிருந்து நீக்கப்பட்டது 1941 செப்டம்பர் வாக்கில். மஞ்சள் நட்சத்திரம் 1942 மே தொடக்கத்தில், அதுவும் ஆறு வயதிலிருந்து. நெதர்லாந்தில் யூதர்களைச் சேர்த்து வைத்த வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து, போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு முதல் ரயில் 1942 ஜூலை 15. 1943 மார்ச் முதல் ஜூலை வரை போன ரயில்கள் பெரும்பாலும் போலந்தின் இன்னொரு கொலை முகாமான சோபிபோருக்கு. குழந்தை தேதி சொல்லாது. “எனக்கு நட்சத்திரம் இருந்தது, தம்பிக்கு இல்லை” என்று சொல்லும். உங்கள் தாளைப் பார்த்தால் தம்பிக்கு அப்போது ஆறு வயது ஆகவில்லை என்று புரிந்துவிடும். “அமெரிக்கர்கள் வந்தார்கள், அப்புறமும் அம்மா வரவில்லை, மாதக்கணக்கில் காத்திருந்தேன்” என்றால் அந்தக் குழந்தை தெற்கே லிம்பர்க் பக்கம் ஒளிந்திருந்திருக்கலாம். தெற்கு 1944 செப்டம்பரிலேயே விடுபடத் தொடங்கிவிட்டது, ஆம்ஸ்டர்டாமோ 1945 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது, நடுவில் ஒரு பஞ்சக் குளிர்காலமே போனது.

ஆம்ஸ்டர்டாம் பேட்டிகளில் ஒரு குழந்தைகள் காப்பகம் அடிக்கடி வரும். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு கேளுங்கள், இல்லையென்றால் பாதி புரியாது. பிடிபட்ட குடும்பங்களை ஒரு நாடக அரங்கத்தில் அடைத்து வைத்தார்கள், சிறு குழந்தைகளை மட்டும் எதிர்ப்புறத்தில் இருந்த காப்பகத்துக்கு அனுப்பினார்கள். காப்பகத்தின் தலைவி ஹென்ரியெட் பிமென்டெல். அரங்கத்தில் பதிவு வேலையைப் பார்த்தவர் வால்டர் சுஸ்கிண்ட், ஜெர்மானிய அதிகாரிகளோடு சிரித்துப் பேசிக்கொண்டே பட்டியலிலிருந்து பெயர்களை மறையவைத்தவர். பக்கத்துக் கட்டடத்தில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி, அதை நடத்தியவர் யோஹான் வான் ஹுல்ஸ்ட், தோட்டத்து வேலிக்கு மேலாகக் குழந்தைகள் அவர் பக்கம் கைமாறின. பை, கூடை, முதுகுமூட்டை, தெருவில் டிராம் வந்து காவலரின் பார்வையை மறைக்கும் அந்த ஒரு கணம், எல்லாமே வழிதான். இப்படி வெளியேறியவர்கள் சுமார் 600 பேர். இதில் நாம் மறந்துவிடுவது, பெற்றோர் சம்மதிக்க வேண்டும் என்பது. குழந்தை எங்கே போகும், யாரிடம் போகும் என்று எதுவும் தெரியாமல், எதிர்க் கட்டடத்தில் இருந்தபடி ‘சரி’ சொல்ல வேண்டும். மாட்டேன் என்று சொன்னவர்களைக் குறை சொல்ல நமக்கு எந்த யோக்கியதையும் கிடையாது.

இப்போது நம்புவதா வேண்டாமா என்ற கேள்வி. பேட்டிகளில் பெரும்பாலானவை 1990களில் பதிவானவை, நடந்து ஐம்பது வருடம் ஆகிவிட்டது. “நீ சின்னப் பிள்ளை, உனக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது” என்று பெரியவர்கள் வாயை அடைத்துவிட்டதால் பலர் அதுவரை பேசியதே இல்லை. 1991இல் நியூயார்க்கில் ஒளிந்து வளர்ந்தவர்களின் பெரிய சந்திப்பு நடந்த பிறகுதான் நிறையப் பேர் வாய் திறந்தார்கள். அதனால் இரண்டு நிறப் பேனா வைத்துக்கொள்ளுங்கள். அவரே பார்த்தது, கேட்டது, முகர்ந்தது எல்லாம் ஒரு நிறம், “அம்மா பின்னால் சொன்னாள்” என்பதெல்லாம் இன்னொரு நிறம். ஜன்னல் பக்கம் போகாதே, ஆள் இல்லாத நேரம் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றாதே, புதுப் பெயரைச் சொல்லு என்பது போன்ற கட்டளைகள் பெரும்பாலும் அப்படியே மனதில் நிற்கும். கால அளவு நிற்காது. “குளிர்காலம் முழுக்கத் தரைக்கு அடியில் இருந்தேன்” என்பது வீடு புகுந்து தேடும் ஒரு சோதனை நடந்த சில நாட்களாகவும் இருக்கலாம். அது பொய் இல்லை, நான்கு வயதுக்கு அவ்வளவு நீளம்.

ஊர், தேதி, பெயர் மூன்றையும் பழைய ஆவணங்களில் சரிபாருங்கள். நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களின் ஆவணங்கள் உள்ள ஜெர்மனியின் ஆரோல்சன் காப்பகமும், ஜெருசலேமின் யாத் வஷேம் நினைவகத்தின் பெயர்த் தளமும் இலவசம். ஒரே எழுத்துக்கூட்டலோடு நிறுத்தாதீர்கள், யாக்கோப் என்ற ஒரு பெயரையே நாலு விதமாக எழுதியிருப்பார்கள். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த குடும்பம் என்றால் இன்னொரு சிக்கல்: 1939 தொடக்கம் முதல், நாஜி அரசு வெளியிட்ட பட்டியலில் உள்ள யூதப் பெயர் இல்லாத யூதப் பெண்களின் பெயரோடு ‘சாரா’வையும் ஆண்களின் பெயரோடு ‘இஸ்ரேல்’ஐயும் சட்டப்படி ஒட்டிவிட்டார்கள், அது வீட்டில் வைத்த பெயர் என்று எண்ணிவிடாதீர்கள். டச்சு நகராட்சி அட்டைகளில் ‘வி.ஓ.டபிள்யூ.’ என்ற குறிப்பைப் பார்த்தால், போன இடம் தெரியவில்லை என்று பொருள். அதை மட்டும் வைத்து ஒளிந்து பிழைத்தார் என்று முடிவு கட்ட வேண்டாம், ரயிலில் ஏற்றப்பட்டவர்களுக்கும் இதையே எழுதியிருக்கிறார்கள்.

‘குடும்பம் பிழைத்தது’ என்று தலைப்பு இருந்தால் யார் யார் என்று கேளுங்கள். குடும்பம் ஒன்றாக ஒளிவது அபூர்வம், அக்கா ஒரு வீட்டில், தம்பி இன்னொரு மாகாணத்தில் என்று பிரிந்துதான் இருந்தார்கள். போர் முடிந்தபோது நெதர்லாந்தில் பெற்றோர் திரும்பி வராத யூதப் பிள்ளைகள் ஏறக்குறைய 2,000 பேர். அவர்களை வளர்த்த கிறிஸ்தவக் குடும்பத்திடமே விடுவதா, யூத உறவினரிடம் கொடுப்பதா என்று முடிவுசெய்ய 1945இல் ஓர் அரசு ஆணையம் அமைந்தது, அதன் தலைவி கெசீனா வான் டெர் மோலன், ஜெர்மானியர்களை எதிர்த்த தலைமறைவு இயக்கத்தில் இருந்தவர், ஆனால் யூத அமைப்புகளோடு அவருக்கு வருடக்கணக்கில் சண்டை. பெற்றோர் உயிரோடு திரும்பிய வீடுகளிலும் நிலைமை எளிதாக இல்லை, வாசலில் நிற்கும் மெலிந்த பெண் யாரென்றே தெரியாமல் வளர்ப்பு அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுத பிள்ளைகள் இருக்கிறார்கள். பேட்டியின் கடைசி அரை மணி நேரம் இதைப் பற்றித்தான் பேசும், எனவே ரயில் கதை முடிந்ததும் வீடியோவை மூடிவிடாதீர்கள், அந்தப் பகுதிக்கு மட்டும் தனியாக ஒரு நாள் ஒதுக்கினாலும் தகும்.