காரை விட்டு சைக்கிளுக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெரிசலுக்குச் சலித்து சைக்கிளில் வேலைக்குப் போகத் தொடங்கும் பலர் சில வாரங்களிலேயே காருக்குத் திரும்பிவிடுகிறார்கள். கால் வலி, வியர்வை, பயம் என்று காரணம் சொல்வார்கள். சைக்கிளையும் கார் மாதிரியே ஓட்டப் பார்ப்பதுதான் பாதிச் சிக்கல்.

முதலில் வழி. காரில் போன அதே பெரிய சாலையில் சைக்கிளையும் ஓட்டினால் பயம் வராமல் என்ன செய்யும்? குறுக்குத் தெருக்கள் வழியே ஒரு கிலோமீட்டர் சுற்றினாலும், மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் கூடுதலாக ஆவது 4 நிமிடம்தான். விடுமுறை நாளில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, சாலை ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு போவது. பாதுகாப்பு போலத் தெரியும், ஆனால் மணலும் கண்ணாடிச் சில்லும் சாக்கடை மூடியும் அங்கேதான் இருக்கும். அவற்றைக் கண்டு சட்டென்று வளைத்தால் பின்னால் வருபவர் தடுமாறிவிடுவார். ஓரத்திலிருந்து முக்கால் மீட்டராவது தள்ளி, நேராக ஓட்டுங்கள். நிறுத்தியிருக்கும் கார்களைக் கடக்கும்போது ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும். எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று யாருக்குத் தெரியும்? காரில் இருப்பவர் கதவுக்குப் பக்கத்துக் கையை விட்டு, தள்ளி இருக்கும் மறு கையால் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பி, பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். பிரிட்டனின் சாலை விதிகளில் 2022-இல் இந்தப் பரிந்துரையைச் சேர்த்தார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் எல்லோரும் அப்படித் திறப்பார்கள் என்று நம்பிப் போக முடியாது.

சிக்னலில் நிற்கும் லாரி, பஸ்ஸின் பக்கவாட்டில் நுழைவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. அவை திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே ஒடுங்கி வரும். அந்த இடம் ஓட்டுநரின் கண்ணுக்கும் படாமல் போகலாம். அரை நிமிடம் போனால் போகிறது, பின்னாலேயே நில்லுங்கள்.

கால் வலிக்குக் காரணம் பெரும்பாலும் தாழ்ந்த சீட். பெடல் கீழே இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்துப் பாருங்கள்: கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் சரி. டயரில் காற்று குறைந்தாலும் மிதிக்கச் சிரமம்தான்; பஞ்சர் ஆகாவிட்டாலும் டியூபிலிருந்து காற்று மெல்லக் கசியும். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே இருக்கும்.

வியர்வைக்குக் காரணம் வேகம். பக்கத்தில் போகும் காரோடு போட்டி போட வேண்டாம். முதுகுப்பையையும் கேரியரில் கட்டிவிடுங்கள், முதுகுக்குக் காற்றுப்படும். பூட்டும்போது சக்கரத்தை மட்டும் பூட்டினால் சக்கரம் மட்டும்தான் மிஞ்சும். சட்டகத்தையும் சேர்த்து, அசையாத கம்பியோடு பூட்ட வேண்டும்.

அப்புறம், எல்லாப் பயணத்தையும் ஒரே நாளில் மாற்றிவிட நினைப்பது. முதலில் 5 கி.மீ.க்குள் இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் சூடாகும் முன்பே முடியும் அந்தச் சிறு பயணங்களில்தான் கார் கிலோமீட்டருக்கு அதிக எரிபொருளைக் குடிக்கிறது. இரண்டையும் நேரம் பார்த்து ஒப்பிடும்போது, காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றும் நிமிடங்களையும் சேர்த்தே எண்ணுங்கள்.