பழைய பொருள்களில் கைவேலை: ஒட்டாத பசையும் வேறு சில தவறுகளும்

போன சனிக்கிழமை பிள்ளைகளுக்கான கைவேலை வகுப்பு ஒன்றில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். நடத்தியவர்கள் இருவரும் புதியவர்கள். காலி பாட்டில், மூடி, செய்தித்தாள், அட்டைப்பெட்டி எல்லாம் மேசையில் குவிந்திருந்தன. கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, ஆரம்பத்தில் நான் செய்த தவறுகள் ஒவ்வொன்றாக என் கண்முன்னே திரும்ப நடந்தன. அதனால்தான் இதை எழுதுகிறேன். தரையில் பழைய துணி விரிப்பது, கத்தரிக்கோலை ஜாக்கிரதையாகக் கொடுப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிளாஸ்டிக்கில் வெள்ளைப் பசை

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது.

நான் வகுப்பு எடுக்கத் தொடங்கிய புதிதில் ஆறு வயதுப் பையன் ஒருவன் பாட்டிலில் ராக்கெட் செய்தான். மூன்று இறக்கைகளை அட்டையில் வெட்டி, நான் கொடுத்த வெள்ளைப் பசையைத் தடவி, ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலைத் தாண்டுவதற்குள் ஓர் இறக்கை விழுந்தது. எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். அடுத்த வாரம் வந்தவன் பாட்டிலைத் தொடவே இல்லை. "எனக்கு ஒட்டத் தெரியாது" என்று சொல்லி, வரையத் தாள் மட்டும் கேட்டான். தப்பு பசையைத் தேர்ந்தெடுத்த என்னுடையது. அவனோ தன் கையில்தான் கோளாறு என்று முடிவு செய்துவிட்டான். பசை வீணானால் வேறு வாங்கலாம். இதை அப்படிச் சரிசெய்ய முடியவில்லை.

வெள்ளைப் பசையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். அந்தத் தண்ணீர் வெளியேறினால்தான் பசை இறுகும். காகிதம், அட்டை, மரம், துணி எல்லாம் அதை உறிஞ்சிக்கொள்ளும், பசையும் இழைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் உறிஞ்ச இடமே இல்லை. பசை மேலாகவே காய்ந்து மெல்லிய தோல் மாதிரி ஆகிவிடும். நகத்தால் நெம்பினால் முழுசாக உரிந்து வரும்.

எந்தப் பொருளாக இருந்தாலும் முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சினால் வெள்ளைப் பசை போதும். முத்தாக நின்றால் போதாது. மெழுகு பூசிய காகிதக் குவளையிலும் பளபளப்பான பெட்டியிலும் சொட்டு நின்றுவிடும்.

அப்போது என்ன செய்வது? நான் இப்போது செய்வது இதுதான். செய்தித்தாளைக் கீற்றுகளாகக் கிழித்து, பசையில் நனைத்து, பாட்டிலைச் சுற்றி இரண்டு அடுக்கு போடுகிறோம். காகிதம் பாட்டிலில் ஒட்டாவிட்டாலும் பரவாயில்லை, காகிதத்தோடு காகிதம் ஒட்டி உறை மாதிரி இறுகிவிடும். காய்ந்த பிறகு இறக்கையை அந்தக் காகிதத்தின்மேல் ஒட்டலாம். வண்ணமும் அதில் நன்றாகப் பிடிக்கும், வெறும் பிளாஸ்டிக்கில் பூசிய தண்ணீர் வண்ணம் போலச் செதிலாக உதிராது.

மூடிகளுக்கு வேறு வழி. பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் பெரும்பாலும் 1 என்று இருக்கும், அது பிளாஸ்டிக்கின் வகை எண். மூடிகள் வேறு வகை பிளாஸ்டிக், 2 அல்லது 5. இந்த இரண்டு வகையிலும் எந்தப் பசையும் லேசில் நிற்பதில்லை. பெரியவர் ஒருவர் துளை போட்டுக் கொடுத்தால், பிள்ளைகள் நூலோ கம்பியோ கோத்துக்கொள்வார்கள்.

சரி, பசைக் குச்சியைச் சூட்டில் உருக்கி ஒட்டும் குளூ கன் இருக்கிறதே என்று கேட்பீர்கள். குறைந்த வெப்ப வகையிலேயே பசை 120 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகிறது. மெல்லிய பாட்டிலோ 70, 80 டிகிரியிலேயே இளகிச் சுருங்க ஆரம்பித்துவிடும். குழந்தையின் விரலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது பெரியவர் கையில் மட்டும் இருக்கட்டும்.

சூப்பர் குளூவும் பஞ்சும்

சேரவே கூடாது. பஞ்சிலோ பருத்தித் துணியிலோ பட்டால் சட்டென்று சூடேறித் தோலைச் சுட்டுவிடும்.

காகிதக் கூழில் அவசரம்

ஒரே நாளில் முகமூடியை முடித்துவிட வேண்டும் என்று பசையில் நனைத்த காகிதத்தை எட்டுப் பத்து அடுக்கு ஒட்டுகிறார்கள். மேல்பக்கம் காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். நானும் ஒருமுறை அப்படிச் செய்த முகமூடிகளைப் பெட்டியில் மூடி வைத்தேன். நான்கு நாள் கழித்துத் திறந்தபோது எல்லாவற்றிலும் பூஞ்சை. ஒரு தடவைக்கு இரண்டு மூன்று அடுக்கு ஒட்டி, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் அடுத்தது. அழுத்தினால் குளிர்ச்சியாக இருக்கிறதா? இன்னும் காயவில்லை.

அட்டையின் நெளியைப் பார்க்காமல் வெட்டுவது

பெட்டி அட்டையின் ஓரத்தில் அலை அலையாகத் தெரிகிறதே, அந்த நெளிகள் ஓடும் திசையில் அட்டை சுலபமாக மடியும், குறுக்கே மடக்கினால் கசங்கும். ஒட்டகச்சிவிங்கியின் கால்கள் நிற்க வேண்டுமானால் நெளிகள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பக்கத்தில் இருக்கும்போது

மூடி, பொத்தான், மணி எதையும் மேசையில் வைக்காதீர்கள். பொம்மைகளின் சிறு பாகங்களை உள்ளே போட்டுச் சோதிக்க ஓர் உருளைக் குழாய் உண்டு, அதன் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்குவது தொண்டையை அடைக்கக்கூடியது என்று கணக்கு. வீட்டில், கழிப்பறைக் காகிதச் சுருளின் நடுக்குழாய்க்குள் போட்டுப் பாருங்கள். உள்ளே போனால் அது பெரிய பிள்ளைகளுக்கு மட்டும். பழைய பொம்மையிலிருந்து கழற்றிய பொத்தான் பேட்டரியும் காந்தமும் யாருக்குமே வேண்டாம்.

மருந்து, பூச்சிமருந்து, கழிப்பறைத் திரவ பாட்டில்கள்

எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம்.

எதையும் விடாமல் சேர்த்து வைப்பது

ஒரு பெட்டி. நிறைந்ததும் நிறுத்திவிடுங்கள்.