பழைய காருக்கு ஒரு சூடு அலாரம்: நாமே பொருத்தலாம்

பழைய காரின் டெம்பரேச்சர் மீட்டர் காட்டுவது இன்ஜினின் சூட்டை அல்ல. சென்சாரைச் சுற்றியிருக்கும் கூலண்டின் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின்) சூட்டை. ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். அப்போது முள் ஏறாமல் இறங்கக்கூடச் செய்யும். நாம் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் அடியில் கசிவைத் தடுக்கும் அடுக்கு) போய்விடும். அலுமினிய ஹெட் என்றால் வளைந்தும்விடும். அதனால், உலோகத்தின் சூட்டை நேரடியாக அறிந்து சத்தம் போடும் அலாரம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்பேன். பழைய மீட்டரைக் கழற்ற வேண்டாம், அதுவும் இருக்கட்டும்.

படி 1: இடம்

தெர்மல் சுவிட்சை (குறிப்பிட்ட சூட்டில் தானே இணையும் சிறிய சுவிட்ச்) பிறகு மாட்டுவதற்காக, சிறிய அலுமினியத் தகடு ஒன்றில் துளை போட்டு, தெர்மோஸ்டாட் (கூலண்ட் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மூடிக்குப் பக்கத்தில், சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் சின்ன போல்ட் ஒன்றின் அடியில் வைத்து இறுக்குங்கள். ஹெட்டையே பிடித்திருக்கும் பெரிய போல்ட்டுகளைத் தொடவே கூடாது. அவை குறிப்பிட்ட டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்கப்பட்டவை; ஒன்றைத் தளர்த்தினாலும் கேஸ்கெட் கசியலாம். சைலன்சர் குழாய் கிளம்பும் பக்கமும் வேண்டாம், அங்கே எப்போதும் அதிகச் சூடு.

படி 2: எத்தனை டிகிரி?

இங்கேதான் நிதானம் தேவை. பெரும்பாலான தெர்மோஸ்டாட்கள் 82 முதல் 88 டிகிரி செல்சியஸில் திறக்கும். ஆனால் உங்கள் தகடு எவ்வளவு சூடாகிறது என்பதை அளந்துதான் சொல்ல முடியும். தகட்டில் பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட் ஒரு பொட்டு வையுங்கள்; பளபளக்கும் உலோகத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் குறைத்துக் காட்டும். நன்றாக ஓட்டிவிட்டு வந்து, இன்ஜின் ஓடும்போதே அளந்து பாருங்கள். வந்த அளவோடு ஏறக்குறைய 15 டிகிரி சேர்த்து, அந்த அளவில் தெர்மல் சுவிட்ச் வாங்குங்கள். இந்தச் சுவிட்சுகளில் சில டிகிரி முன்பின் இருக்கும், இடைவெளி குறைந்தால் வீண் அலாரம் அடிக்கும். சூடானால் இணையும் 'நார்மலி ஓப்பன்' வகைதானா என்று பார்த்து வாங்குங்கள்.

படி 3: வயரிங்

முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் இடத்திலிருந்து 2 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து பஸ்ஸர், பஸ்ஸரிலிருந்து தெர்மல் சுவிட்ச், சுவிட்சின் மறுமுனை பாடி எர்த் (காரின் உலோக உடல்). அவ்வளவுதான். இன்ஜின் பக்கம் சூடு தாங்கும் வயர் போடுங்கள். தெர்மல் சுவிட்சின் இரு முனைகளுக்கும் இணையாக ஒரு புஷ் பட்டனை டாஷ்போர்டில் வைத்தால், கிளம்பும் முன் அழுத்தி பஸ்ஸர் வேலை செய்கிறதா என்று பார்க்கலாம். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். அப்படியானால் பஸ்ஸரின் சிவப்பு வயர் சுவிட்ச் பக்கம் போக வேண்டும். 6 வோல்ட் கார் என்றால் 6 வோல்ட் பஸ்ஸர்.

படி 4: சோதனை

தகட்டில் மாட்டும் முன் பேட்டரியை இணைத்து, சாவியை ஆன் செய்து, சுவிட்சின் உலோக முகத்தில் சால்டரிங் அயர்னை லேசாக வையுங்கள். பஸ்ஸர் அடித்து, ஆறியதும் நிற்க வேண்டும். சரி என்றால், சுவிட்சின் முகம் தகட்டில் முழுதாகப் படியும்படி திருகிவிடுங்கள்.

அலாரம் அடித்தால்

உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். மீட்டர் முள் கீழே இருந்தாலும் பஸ்ஸரை நம்புங்கள். இன்ஜின் நன்றாக ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்: அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், மூடி தளர்ந்த நொடியில் ஆவியாகி முகத்தில் பாயும். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரையும் ஊற்றக் கூடாது, ஹெட் விரிசல் விடலாம்.