சுருட்டை விரியன் எங்கும் ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள்

நம் ஊர்ப் பொட்டல் காட்டில் கல்லைப் புரட்டினால் கிடக்கும் சுருட்டை விரியன் ஒரு முழம் இருந்தாலே பெரிசு. ராஜஸ்தானின் ஜெய்சல்மேர், ஜோத்பூர் பக்கத்து மணலில் திரிவதும் அதே இனம்தான். ஆனால் அந்த வடக்கத்திய உள்ளினம் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம் வளரும். 1969இல் ஸ்டெம்லர் என்ற ஆய்வாளர் அதற்கு சோசுரெக்கி என்று பெயரிட்டார். அது தனி உள்ளினம்தானா என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. அது ஆய்வாளர்கள் பாடு. கடிபட்டவருக்கு முக்கியம் விஷத்தில் உள்ள வேறுபாடு.

'ஊசி போட்டாச்சு, இனி பயமில்லை' என்று இருந்துவிடுவதுதான் அங்கே நடக்கும் பெரிய தவறு. இந்திய விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போனது. 1978இல் தொடங்கிய சங்கம். அதாவது, தெற்கத்திப் பாம்பின் விஷத்தை வைத்துச் செய்த மருந்து. மேற்கு ராஜஸ்தானில் கடிபட்ட பலருக்கு அது சரியாக வேலை செய்யவில்லை என்று ஜோத்பூர் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்காக 'மருந்தே வேண்டாம்' என்று பாம்புக்கடியைத் தீர்ப்பதாக அங்கே நம்பும் கோகாஜி, தேஜாஜி தெய்வங்களின் கோயில்களுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது அதைவிட மோசம். கையில் இருப்பது அந்த மருந்து ஒன்றுதான்.

இந்த விஷம் இரத்தத்தில் உறைவதற்கான சரக்கையே தீர்த்துவிடும். அதைக் கண்டுபிடிக்கும் சோதனை எளிது: 2 மி.லி. இரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்து, அப்புறம் ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. இதிலும் சொதப்புவார்கள். பிளாஸ்டிக் குழாயில் எடுப்பது, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயைப் பயன்படுத்துவது, நடுவில் ஆட்டிப் பார்ப்பது, எல்லாமே முடிவைக் குழப்பும். முதல் தடவை உறைந்துவிட்டால் விட்டுவிடவும் கூடாது. திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். வீக்கம் வடிந்த பிறகும் பல நாள் இரத்தம் உறையாமல் இருந்த நோயாளிகள் உண்டு. வீட்டுக்கு அவசரப்படுவதும் தவறுதான்.

கட்டுப் போடுவது, கீறி உறிஞ்சுவது வேண்டவே வேண்டாம். உறையாத இரத்தத்தில் பிளேடு வைத்தால் என்ன ஆகும், யோசியுங்கள். வலிக்கு ஆஸ்பிரினும் கூடாது.

இன்னொன்று, சத்தத்தை நம்புவது. பக்கவாட்டுச் செதில்களை உரசி 'ஸர்ர்' என்று எச்சரிக்கும் பாம்புதான். ஆனால் மணலுக்குள் உடலைப் புதைத்துத் தலையை மட்டும் நீட்டிக் கிடப்பதை இருட்டில் மிதித்தால், உரச அதற்கு நேரமிருக்காது. மிதித்த காலில்தான் கடி விழும். அங்கே இரவில் செருப்பில்லாமல், டார்ச் இல்லாமல் வெளியே இறங்காதீர்கள்.