கச்சான் காற்றடிக்கும் நேரம் மட்டக்களப்புக்குப் போகிறீர்களா? தோலைக் கொஞ்சம் பாருங்கள்

பாசிக்குடாவுக்குப் போன அன்று காலையில், முகம் பளிச்சென்று வரும் என்று மச்சாள் சொன்னதைக் கேட்டு, பாதித் தேசிக்காயை முகத்தில் தேய்த்துக்கொண்டு வான் வண்டியில் ஏறினேன். கடலில் இரண்டு மணித்தியாலம். மூன்றாம் நாள் கன்னத்திலிருந்து நாடி வரை, சாறு வழிந்த வழியே, சூடு போட்டது மாதிரி ஒரு கபிலக் கோடு. மாமி பார்த்துவிட்டு, "என்னகா புள்ள, சட்டியில கருகின மீன் மாதிரி வந்து நிக்கிறாய்?" என்றா. லண்டனுக்குத் திரும்பி இரண்டு மாதமாகியும் அது போகவில்லை. தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் அப்படித்தான் எரிந்து கறுக்கும். அதைச் சொதிக்கு விடுங்கள், முகத்துக்கு வேண்டாம்.

பிள்ளைகளின் விடுமுறையைப் பார்த்து நாங்கள் போவது பெரும்பாலும் ஆடி, ஆவணியில். மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலின் தீர்த்தத் திருவிழாவும் ஆடி அமாவாசையில்தான். அந்த நேரம் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கச்சான் வீசும்: மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும் சூடான, வறண்ட காற்று. (கொறிக்கிற கச்சான் வேறு. ஆனால் இரண்டுமே தொண்டையை வறட்டும்.) அதோடு ஓகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் மத்தியானச் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல் நிற்கும். காலை 10 மணிக்குப் பிறகு 3 மணி வரை நிழலில் இருக்கப் பாருங்கள். சன்கிறீம் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையக்கூடாது; இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம், கடலில் குளித்தால் உடனே மறுபடியும் பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் வெயிலைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

வெயிலைவிடப் பலரை ஏமாற்றுவது தண்ணீர். கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீளுகிற அந்த மணல் துண்டில் பல வளவுக் கிணறுகள் சவர்த் தண்ணி. சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னும் தேய்ப்போம், அது மாவு மாதிரித் தோலில் படிந்து நிற்கும், இரவில் சொறியும். இதற்கு வீட்டிலேயே மருந்து இருக்கிறது: பயத்தம் மா. வறுத்த மா அல்ல, அது பணியாரத்துக்கு. வறுக்காத பயறை வெயிலில் காயவைத்து, அரைத்து, துணியில் அரித்து எடுத்த மா. இரண்டு கரண்டியைத் தண்ணீரில் குழைத்து, தேய்க்காமல் தடவிக் கழுவினால் போதும்.

வறண்ட தோல்காரர் அந்த மாவைத் தயிரில் குழைக்கலாம். மட்டக்களப்பு எருமைத் தயிர் அதற்கென்றே உறைந்தது போலக் கொழுப்பாக இருக்கும். குளிக்க அரைமணி முன் கைகால்களுக்குத் தேங்காய் எண்ணெய். குளித்து ஈரம் காயுமுன் வழக்கமான கிறீம். எண்ணெய் வழிகிற முகமென்றால் அந்தத் தேங்காய் எண்ணெயை முகத்தில் தொடவே வேண்டாம், துவாரங்கள் அடைபட்டுப் பரு கிளம்பும். அவர்களுக்குக் கற்றாழை நல்லது. மடலை வெட்டியதும் வடிகிற மஞ்சள் பால்தான் அரிப்பைத் தரும். மடலைக் கால்மணி நேரம் நிறுத்திவைத்து, அது வடிந்தபின் கழுவி, உள்ளே இருக்கும் கண்ணாடிச் சதையை மட்டும் மெல்லிசாகப் பூசுங்கள். நெற்றியும் மூக்கும் எண்ணெய், கன்னம் வறட்சி என்ற கலவைக்காரர் இடம் பார்த்து இரண்டையும் செய்யலாம்.

உணர்வு கூடிய தோல் என்றால் மஞ்சள், சந்தனம், வேப்பிலை எதுவானாலும் முதலில் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் பூசி இரண்டு நாள் பாருங்கள். பெரியம்மா கோபித்துக்கொள்வா, பரவாயில்லை.

மார்கழிப் பக்கம் போகிறவர்களுக்குக் கதை வேறு. மழையும் புழுக்கமும். தடித்த கிறீம் வேண்டாம், ஈரச் சட்டையோடு இருக்க வேண்டாம். தேமல் வந்தால் எண்ணெய் பூசாதீர்கள், அது கூடும். பாமசியில் பூஞ்சையைக் கொல்லும் கிறீம் கேளுங்கள். பிள்ளைகளின் வேர்க்குருவுக்கும் நுளம்புக்கடிக்கும் பருத்திச் சட்டை, வெட்டிய நகம், கலமைன். சொறிந்த இடம் சீழ் பிடித்தாலோ காய்ச்சல் வந்தாலோ வைத்தியரிடம்தான்.

கடைசியாக ஒன்று. கலியாண வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் யாராவது ஒரு சின்ன டப்பாவை நீட்டுவார்கள், "ஏழு நாளில வெள்ளையாகலாம்" என்று. எனக்கும் ஒரு ஃபான்சிக் கடையில் தந்தார்கள். யார் செய்தது, உள்ளே என்ன என்று ஒரு எழுத்தும் இல்லை. இப்படியான கிறீம்களில் பாதரசமோ கடுமையான ஸ்டீரொயிட்டோ கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீரொயிட் தோலை மெல்லிசாக்கி, விட்டதும் முகத்தைச் சிவக்க வைக்கும். வெளிநாட்டிலிருந்து அப்படி ஒன்று வாங்கிவரச் சொல்லிக் கேட்கிற சொந்தங்களுக்கும் நான் இப்போது சன்கிறீம்தான் கொண்டுபோகிறேன். முதலில் முகம் சுழித்த மச்சாள், போன முறை இன்னொரு போத்தல் கேட்டா.